ஏழு சுனைப் பாதையில் காணாமல் போன தாலி

பொதட்டூர்பேட்டைக் கிழங்களை நான் நம்புவதில்லை. அவர்களும் என்னை நம்புவதில்லை. ஆனாலும் கிருத்திகை வந்தால் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றித் திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். கைபிடித்துப் படியேற்றி, தரிசனம் செய்து வைத்து, மலைக்குத் தெற்கே காட்டுக்குள் இருக்கும் ஏழு சுனையைக் காட்டி, சாயங்காலம் அவரவர் வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். போன தடவை ஒரு கிழவியின் பித்தளைச் சொம்பு காணாமல் போய், எடுத்தவன் நான்தான் என்று தறித்தெரு முழுக்கப் பேச்சு. கடைசியில் சொம்பு அவள் மருமகளிடம் இருந்தது. என்னிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டேன். "அவங்கவங்க சாமானை அவங்கவங்க பாத்துக்கணும். எதுனா காணோம்னா இந்த எல்லப்பன் மேல பழி போடக்கூடாது, ஆமா."

"நாங்க ஏன்பா பழி போடறோம்?" என்றாள் கோவிந்தம்மாள், மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டு. அவளுக்குப் போலீஸ் கண்.

கூட்டத்தில் ஜம்புலிங்கமும் அவர் பெண்சாதி மணியம்மையும் இருந்தார்கள். அவர் தறியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். கேட்டால், "அல்சருப்பா, காரம் சேத்துக்கக் கூடாது" என்பார். அந்த உடம்போடும் மனைவியை விட்டு எப்போதும் முன்னால்தான் நடப்பார். மணியம்மையைப் படியேற்றியது நான். மேலே போனதும் அவர் உண்டியலுக்கு எதிர்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் சந்நிதியில் வெகுநேரம் நின்றாள்.

சுனைக்குப் போகும் பாதையில் முள்ளும் குரங்கும்தான். வேறு ஈ காக்கை இல்லை. மணியம்மை குனிந்து முகம் கழுவினாள். அவ்வளவுதான், கோவிந்தம்மாள் கூச்சல் போட்டாள்.

"அடியே மணி! கழுத்துல தாலிச் சரடு எங்கடி?"

மணியம்மை சட்டென்று முந்தானையால் கழுத்தை மூடினாள். "எங்கியோ விழுந்துடுச்சு போல" என்றாள்.

எனக்கு அப்போதே சந்தேகம். தாலி தொலைந்தவள் இப்படியா பேசுவாள்? ஊரைக் கூட்ட வேண்டாமா?

"பஸ்ஸுல இருந்துச்சே, நான் பாத்தேனே! படியேறச்ச யார் கையப் புடிச்சிக்கினு வந்த?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "அதான் காட்டுக்குள்ள இட்டுக்கினு வந்திருக்கான்" என்றது ஒரு குரல்.

இந்தப் பேச்சு ஊருக்குள் போனால் என் பிழைப்பில் மண்தான். இனி ஒரு கிழம் என்னோடு பஸ் ஏறாது. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். விபூதிப் பொட்டலம், பீடிக்கட்டு, தைலப் புட்டி. "பாருங்க! நல்லா பாருங்க!" என்று கத்தினேன்.

மணியம்மை என்னைப் பாறைக்குப் பின்னால் கூப்பிட்டாள். முந்தானையை விலக்கினாள். கழுத்தில் புதிய மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள்.

"உண்டியல்ல போட்டுட்டேன்பா. அவருக்கு அல்சர் இல்ல. டாக்டரு கை விரிச்சிட்டாரு. என் புருசனக் காப்பாத்துன்னு முருகன் கிட்ட தாலியவே குடுத்துட்டேன். வெளிய சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடும். அல்சர்னு நெனச்சிக்கினு தைரியமா இருக்காரு மனுசன்."

"அதுக்கு நான் திருடன் ஆவணுமாம்மா?" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம், அந்த முருகன்மேலும் கோபம்.

உடைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் திரும்பி வந்தேன். ஜம்புலிங்கம் ஒரு கல்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, கொட்டிக் கிடந்த என் சாமானைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"என்னா, பேச்சக் காணோம்? போலீசுக்குப் போலாம், வாங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

ஜம்புலிங்கம் எழுந்தார். "யாரும் எங்கியும் போவ வேணாம். தாலி என் கிட்ட இருக்குது." இடுப்பைத் தட்டிக் காட்டினார். "கொக்கி லூசா இருந்துச்சு. நான்தான் கழட்டி வேட்டியில முடிஞ்சிக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாலி உண்டியலில் அல்லவா கிடக்கிறது!

"ஐயையோ! புருசன் கையாலயே தாலியக் கழட்டுவாங்களா? புத்தி இருக்குதாயா உனக்கு? எங்க, காட்டு பாப்போம்!"

"எம் பொண்டாட்டி தாலிய உனக்கு எதுக்குக் காட்டணும்? புத்தி கெட்டுதான் செஞ்சிட்டேன். எல்லப்பன விட்டுடு."

பாறை ஓரத்தில் மணியம்மை நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. முந்தானையைப் பிடித்திருந்த கை நழுவி, மஞ்சள் கயிறு வெளியே தெரிந்தது. அவர் அவள் பக்கத்தில் போய், கோவிந்தம்மாள் பார்ப்பதற்குள் முந்தானையை இழுத்து மூடிவிட்டார். அது என்ன கயிறு என்று அவர் கேட்கவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"எப்பலருந்து தெரியும்?"

"உனக்கு முன்னாடியே" என்றார். "வா, கையப் புடிச்சிக்க. பஸ்ஸு போயிடும்."