ஆற்றுப்பாறையில் ரமணன்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்று ஒரு பொட்டு மழை இல்லை என்று சுஜா சொன்னாள். காலையிலேயே கிழக்கே மலை கறுத்துக் கிடந்தது என்று ஜோஷி சொன்னான். ரமணனிடம் கேட்டுப் பயனில்லை. இருவர் சொன்னதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். கட்டும்போது என் கை எங்கெங்கே பட்டது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ரமணன் சுஜாவின் கணவர், தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்த பிறகு அவருடைய பேச்சு தேய்ந்துகொண்டே வந்து ‘ம்’ என்பதில் நின்றது. திருவனந்தபுரத்து ஃப்ளாட்டில் சுஜாவுக்கு மின்விசிறியின் சத்தம்தான் துணை. நடக்கச் சொன்னார் டாக்டர். பூங்காவை வட்டம் சுற்ற ரமணன் மறுத்துவிட்டார். அப்போதுதான் அவள் ஞாயிற்றுக்கிழமை நடையைக் கண்டுபிடித்தாள். காலையில் நாகர்கோவில் பாசஞ்சரில் ஏறுவார்கள். ஒரு வாரம் பாறசாலையில் இறங்கி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நடப்பார்கள். இன்னொரு வாரம் நெய்யாற்றின்கரையில் இறங்கி ஆற்றோரமாக மேலே ஏறிப் போவார்கள். சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவார்கள்.

நடைக்குப் பலன் இருந்தது. ஒரு முறை அவராகவே, “இந்த மூங்கில் அன்னைக்கு இல்லியே” என்றார். இன்னொரு முறை மீன்கொத்தியைக் காட்டினார். அவர் வாயிலிருந்து இன்று ஒரு வாக்கியம் விழுமா என்று பார்ப்பதற்காகவே சுஜா வாரம் முழுவதும் காத்திருந்தாள். வேறு எதையும் அவள் வேண்டவில்லை. மனிதர் பழையபடி பேசினால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு வற்றிப்போய்க் கிடந்தது. ரமணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் இறங்கி, நடு ஆற்றுப் பாறையில் ஏறி உட்கார்ந்தார். கரையில் சுஜா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

கரைக்கு மேலே சாலையில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அவள் பிறந்த வீடு பக்கத்து அதியன்னூரில்தான். அங்கே போகும்போதெல்லாம் அந்தக் குரல்தான் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும். அது லாட்டரி விற்கும் ஜோஷி. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அந்தக் குரலுக்குப் பழகி, அது என்ன சொல்கிறது என்று கேட்பதையே விட்டுவிட்டிருந்தார்கள். அன்று அவனைப் பஞ்சாயத்து வாடகைக்கு எடுத்திருந்தது. மலையில் பெய்த மழைக்காக அணையின் ஷட்டரைத் திறந்திருக்கிறார்கள், ஆற்றில் யாரும் நிற்க வேண்டாம் என்று முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தான்.

பாறையில் ரமணன் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். பிறகு சுஜாவைப் பார்த்தார். வாய் திறந்தது.

“அது நம்ம லாட்டரிக்கார ஜோஷியாக்கும்!” என்று அவள் சிரித்தாள். “ஞாயித்துக்கிழமையும் விடமாட்டான். நீங்க கவனிக்காண்டாம், இருங்க.”

வாய் மூடிக்கொண்டது.

வெள்ளம் இரைச்சலோடு வந்திருந்தால் ஓடியிருக்கலாம். சத்தமே இல்லை. தண்ணீர் தேயிலைச் சாயத்துக்கு மாறியது. சருகு வந்தது. பின்னால் ஒரு முழு வாழை வேரோடு மிதந்து வந்தது. சுஜா கையிலிருந்த சுளையிலிருந்து நிமிர்ந்தபோது கரைக்கும் பாறைக்கும் நடுவே நடந்து போகிற இடம் என்று ஒன்று இல்லை. ரமணன் எழுந்து நின்றிருந்தார். பாறைமேலேயே கணுக்கால் வரை தண்ணீர்.

அவள் அலறிய அலறலில் ஆட்டோ நின்றது. ஜோஷி இறங்கி ஓடி வந்தான். பார்த்தான். திரும்ப ஓடி, மேற்கூரையில் ஒலிபெருக்கியைப் பல சுற்றாகக் கட்டியிருந்த நீளக் கயிற்றை அவிழ்த்தான். ஒலிபெருக்கி சாலையில் உருண்டது. கயிற்றின் ஒரு நுனியைத் தென்னையில் கட்டி மறு நுனியை இடுப்பில் சுற்றுவதற்குள் ரமணனின் கால் பாறையிலிருந்து போய்விட்டது. வெள்ளைச் சட்டை ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. கரையோடு ஓடிய சுஜாவுக்குத் தன் காலில் செருப்பு இல்லை என்பதுகூடத் தெரியவில்லை.

கொஞ்சம் கீழே வளைந்து கிடந்த மூங்கில் கூட்டம் அவரைத் தடுத்துப் பிடித்தது. தண்ணீரில் குதித்த ஜோஷிக்குக் கயிறு அதுவரைக்கும் எட்டியது. அவன் ஒரு கையால் மூங்கிலைப் பற்றி, மறு கையால் அவர் காலரைப் பிடித்தான். மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று மூங்கிலைப் பிடித்திருந்த கையை நசுக்கியது. அப்போதும் அவன் விடவில்லை.

கரையில் ரமணன் வாந்தியெடுத்து முடித்தார். ஜோஷி நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டான்.

“சாரே, தொண்டை கிழிய விளிச்சேனே. கேக்கலியா?”

“கேட்டுது.”

“பின்ன மனசிலாகல்லியா?”

“ஆச்சு. ஷட்டரத் தொறந்தாச்சு, ஆத்துல ஆரும் நிக்கப்பிடாதுன்னு சொன்னே.”

சுஜாவுக்குத் தன் காதின்மேல் சந்தேகம் வந்தது. “கேட்டுட்டா அங்க இருந்திய?”

“நீ லாட்டரின்னு சொன்ன.”

“நான் ஆயிரம் சொல்லுவேன்! ‘இல்ல, வெள்ளம் வருது’ன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

ரமணன் சட்டை நுனியைப் பிழிந்தார். “இல்லன்னு நான் சொன்னா, ஆமான்னு நீ சொல்லுவ. பின்ன நான் வெளக்கணும். நெறைய பேசணும். போட்டும்னு இருந்துட்டேன்.”

“என்ன மனுசன் சாரே நீரு!” என்றான் ஜோஷி. அழுதுவிட்டான்.

கோபம் வரும் என்று சுஜா எதிர்பார்த்தாள். வரவில்லை. அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பல மாதங்களில் அவர் அவளிடம் பேசிய பேச்சுகளில் இதுதான் நீளமானது. அந்த மனிதருக்குச் சாவதைவிட அவளோடு பேசுவது அதிகச் சிரமமாக இருந்திருக்கிறது. ரயிலில் ஏறி, ஞாயிறு ஞாயிறாக அழைத்துப் போய் அவள் பிடுங்க நினைத்த பேச்சு இதுதானா? ஆஸ்பத்திரி வாகனம் வந்தது. அவள் ஜோஷியின் கையைத் தன் துண்டில் சுற்றி அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள்.

ஜோஷியின் இடது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. ஆட்டோ ஓட்டுகிறான். லாட்டரிக்கு மட்டும் பதிவு செய்த குரலைப் போடுகிறான்; பஞ்சாயத்து அறிவிப்பு என்றால் தானே மைக்கைப் பிடிக்கிறான். சுஜா அதியன்னூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ரமணன் ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார், உடம்பு தேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சரில் ஏறி எங்கோ இறங்கி நடக்கிறார். இருவரும் விவாகரத்து செய்துகொள்ளவில்லை.