கனீஸ் வீட்டுக்குப் போன கடைசிப் பக்கம்

முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே வாரப் பத்திரிகை. எல்லோரும் படித்ததும், யார் எந்தத் தொடர்கதையைச் சேர்க்கிறார்களோ அவர்கள் அந்தத் தாளைக் கிழித்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடியும்வரை தனக்கொடியின் கண்ணில் கதையே படக்கூடாதென்று அம்மா கன்னியம்மாள் தானே கிழித்துச் சேர்த்து, பைண்டும் போட்டுக் கொடுத்தாள்.

பதினேழு வயதில் தனக்கொடி அதை ஒரே மூச்சில் படித்தாள். கதாநாயகி கோமளா குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறாள், திரும்பியே பார்க்கவில்லை, கதை முடிந்தது. ஐயோ பாவம் அந்தப் புருஷன் என்று தனக்கொடி அழுதாள். அந்த வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

இருபத்துநாலில், கடலூரில் தன் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது மறுபடி படித்தாள். அந்தக் கடைசிப் பக்கம் ஒன்றே போதுமாயிருந்தது. அவளும் பஸ் ஏறினாள். பழைய தெருவுக்கே வந்து ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள்.

இப்போது வருஷம் எண்பத்தைந்து, அவளுக்கு முப்பத்தொரு வயது. புருஷனின் அண்ணன் ராஜாங்கம் வந்து, "தம்பி குடிய விட்டுட்டாம்மா. வெள்ளிக்கிழம வரேன், ஒரு பதில் சொல்லு" என்று போனார்.

தைரியம் வரட்டுமென்று பைண்டை எடுத்தாள். வந்ததோ குழப்பம். கோமளாவின் மாமியார் மகனுக்குத் தெரியாமல் மருமகளுக்குச் சோறு எடுத்து வைக்கிறாள். புருஷன் ஓரிடத்தில் தேம்பி அழுகிறான். இதெல்லாம் முன்பு எங்கே ஒளிந்திருந்தது?

எதிர்வீட்டுக் கனீஸ் பாத்திமா எட்டிப் பார்த்தாள். "கோமளா கதையா? கடைசில திரும்பப் போயிடுவாளே!"

"எங்க போறா? பஸ் ஏறுறதோட சரி."

"என்னா புள்ள ஒளர்ற?" கனீஸ் ஓடிப்போய்த் தன் வீட்டு பைண்டைக் கொண்டுவந்தாள். முதல் தாளில் பெரிய படத்தோடு அவர்கள் சேர்த்த கதையின் ஆரம்பம். அதே தாளின் பின்பக்கத்தில், அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கித் திரும்பிப்போய்ப் புருஷன் காலில் விழுகிறாள் கோமளா. முற்றும்.

கன்னியம்மாளுக்கு எழுத்து தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் கிழிப்பாள். கடைசி அத்தியாயத்துக்கு யாரும் படம் போடவில்லை. முந்தின வாரத் தாளின் அடியிலிருந்த 'அடுத்த வாரம் முடியும்' என்ற வரியையோ பைண்டர் ஓரம் வெட்டும்போது சேர்த்து வெட்டித் தள்ளிவிட்டான்.

தனக்கொடிக்கு அம்மாமீது ஆத்திரம் பொங்கியது. செத்துப்போனவளோடு எப்படிச் சண்டை போடுவது?

"இந்தப் பக்கம் கெடச்சிருந்தா அங்கியே கெடந்திருப்பனா கனீசு?"

"கத எழுதுனவனா அடி வாங்குனான்? நீதானே வாங்குன."

சரியான பேச்சுதான். ஆனாலும் அவளுக்குத் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜாங்கம் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "என்னாம்மா சொல்லட்டும் அவங்கிட்ட?"

'வரேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. 'வரல' அதை இடித்துத் தள்ளியது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "மாமா, ரெண்டு தடவையும் நீங்கதான் வந்தீங்க. அவரு ஏன் வரல?" என்றாள்.

ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "வரச் சொல்லட்டுமா?"

எந்தப் பக்கத்திலும் புருஷன் கூப்பிட வந்ததில்லை. வாசலில் வந்து நின்றால் அழுவாளா, கதவைச் சாத்துவாளா?

"வரட்டும் மாமா. வந்து நின்னாதான் எனக்கே தெரியும்."