தையல்காரரின் உயரம்

எதிர்வீட்டுத் தையல்காரரின் மகள் கால்பந்து அகாடமியில் கோல்கீப்பர் தேர்வின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்று கணக்கிட, பெற்றோரையும் அளப்பார்களாம். நம் குள்ள மனிதர் ஷூவுக்குள் அட்டையை அடுக்கிக்கொண்டு மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். தன்னைவிட ஒரு தலை உயரமான மனைவியோடு நிற்க வெட்கம்!

"ஷூவக் கழட்டுங்க சார்," என்றாராம் பயிற்சியாளர். அட்டைகள் உதிர்ந்தன.

"மானத்த வாங்காதீங்கப்பா! போய் அம்மாவக் கூட்டிட்டு வாங்க," என்றாளாம் மகள்.

ஊருக்கே அளவெடுத்தவர் வெறுங்காலோடு ஓடிவந்ததை ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன்.

"சீக்கிரம் வாடி! நல்லா நிமிர்ந்து நட!"

பதினைந்து வருஷமாக மனைவியைக் குனிந்து நடக்கச் சொன்ன அதே வாய்!

மகள் தேர்வாகிவிட்டாள். அந்த அம்மா இன்னும் நிமிர்ந்துதான் நடக்கிறாள். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறவர் தையல்காரர்தான்.