கொட்டாத முடி

"ரெண்டாவது ஊசிக்குள்ள முடி கொட்ட ஆரம்பிச்சிடும். மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்று டாக்டர் சொன்னபோது கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் கட்டி, அதுவும் புற்று என்று கேட்ட நாளிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காத சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மேசைக்கடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்தாள்.

பின்னே என்ன? கொட்டுவதற்குத் தலையில் என்ன இருந்தது? காதோரத்திலும் பிடரியிலும் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம்தான் அவருடையது. மேலே அலை அலையாக வாரி விட்டிருந்ததெல்லாம் டோப்பா. டாக்டரே ஏமாந்தார் என்றால் சரக்கின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்கண்ணாடி விற்கிறவர் நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும். சுவரெல்லாம் வேறு கண்ணாடி. ஒருநாள் ஒரு அம்மாள் புதுப் பிரேமை மாட்டிக்கொண்டு, தன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்னால் நின்ற அவருடைய வழுக்கையையே உற்றுப் பார்த்தார். "பவர் சரியாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னார். அந்த வருடமே வியாபாரம் சரியில்லை என்று காரணம் சொல்லிக் கடையை வேறு ஊருக்கு மாற்றினார் மனிதர். புது ஊருக்கு முடியோடு வந்து இறங்கினார். ஊர் மாறி வந்த காரணம் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். மகளுக்கு டோப்பா மட்டும் தெரியும். மாப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது.

மருந்து ஏறத் தொடங்கியதும் காதோரத்து முடியும் போயிற்று. அதில்தான் டோப்பாவின் கிளிப்புகள் கடித்துக்கொண்டிருந்தன. பிடிக்க எதுவும் இல்லாததால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை மண்டையில் ஒட்டி, அதன்மேல் டோப்பாவை அழுத்தினார். மருந்தில் மெலிந்துபோன தோல் தீயாக எரிந்தது. மீசையை முன்யோசனையோடு தானே எடுத்துவிட்டார். புருவம் உதிர்ந்தபோது பவர் இல்லாத பட்டைப் பிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். சொந்தக் கடை, யாரைக் கேட்க வேண்டும்?

"இந்த நேரத்துலயாவது அதைத் தூக்கிப் போடுங்களேன்" என்றாள் மனைவி. "இதைவிட நல்ல சாக்கு இனிமே கிடைக்காது. மருந்துல கொட்டிடுச்சுன்னு சொன்னா உலகமே நம்பும்."

நியாயமான பேச்சுதான். அவரும் அப்படித்தான் செய்திருப்பார், கணக்கு டீச்சர் வந்து கெடுக்காமல் இருந்திருந்தால்.

ஊசி ஏற்றும் அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஆளுக்கொரு பாட்டில் தலைக்கு மேல் தொங்கும். எதிர் நாற்காலி கணக்கு டீச்சருடையது. கனத்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு முதல் ஊசி. இவருக்கு மூன்றாவது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு மட்டும் எப்படி முடி கொட்டவே இல்ல?"

டோப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நோய் வந்த பிறகு அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்றுதான் பார்த்தார்கள். இந்த ஒரு அம்மாள் அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எல்லாம் மனசுதான் டீச்சர்" என்றார். "கவலைப்பட்டாத்தான் கொட்டும். நான் கவலையே படறதில்ல."

"அப்படியா?"

"ஆமா. முக்கியமா அழக் கூடாது. அழுதா வேர் இளகிடும்."

வாயில் வந்ததைச் சொன்னார். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர் இதையா நம்பினார் என்று கேட்காதீர்கள். தண்ணீரில் தத்தளிக்கிறவன் துரும்பைத்தான் பிடிப்பான், அது எந்த மரத்துத் துரும்பு என்று விசாரிக்க மாட்டான். போதாக்குறைக்கு சிஸ்டர் வேறு அதைப் பிடித்துக்கொண்டார். யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், "அழாதீங்க, சாரைப் பாருங்க!" என்பார். பக்கத்து நாற்காலி லாரி டிரைவர் அவருக்குத் 'தைரிய சார்' என்று பட்டமே கொடுத்துவிட்டார். சாரும் டோப்பாவைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது பத்தலையா? இப்ப எடுத்து எல்லாருக்கும் பரிமாற வேற செய்யறீங்களா?"

அடுத்த முறை டீச்சர் தலையைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டிக்கொண்டு வந்தார். மடியில் பின்னல் இல்லை. கைகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் மெல்லச் சொன்னார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க அவ்வளவு தூரம் சொல்லியும் என்னால முடியல. அழுதுட்டேன்."

கடைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய் சொன்னவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான், மன்னிப்பு எதிர் நாற்காலியிலிருந்து வருகிறது. அந்த நிமிடமாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தார்.

"பரவால்ல டீச்சர். இனிமே தைரியமா இருங்க."

அதைச் சொன்ன நாக்கை அறுத்தாலும் தகும் என்று அன்று முழுக்க அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த முறை எதிர் நாற்காலி காலி. அந்த வாரமே டீச்சரின் கணவர் கடை தேடி வந்துவிட்டார். கண்ணாடி பார்க்க வந்தவர் என்று நினைத்து இவர் பிரேம் தட்டை எடுத்து வைத்தார்.

"கண்ணாடி வேணாம் சார். அவ ஊசிக்கு வரமாட்டேங்கறா. 'என் மனசுல தெம்பு இல்ல, முடி போனதே அதுக்குச் சாட்சி. முடியையே நிறுத்த முடியாதவளுக்கு மருந்து மட்டும் எப்படி வேலை செய்யும்'னு கணக்குப் போட்டு வச்சிருக்கா. நானும் எங்க அம்மாவும் அழாதே அழாதேன்னு தலைப்பாடா அடிச்சிக்கறோம். அதுவும் அவளுக்குக் கோபம். டாக்டர் இன்னும் தள்ளிப் போடக் கூடாதுங்கறார்." அவர் கும்பிடவே கும்பிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா சார். உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேச்சு."

கடைக்காரர் முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. சுவருக்குச் சுவர், எல்லாவற்றிலும் அழகாக வாரிய தலையோடு அவரே நின்றார்.

"நாளைக்கு வரேன்" என்றார்.

டீச்சர் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் அவசரமாகத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "வாங்கண்ணே" என்று எழுந்து நின்றார். குற்றம் செய்த பிள்ளை ஆசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி அந்த ஆசிரியர் நின்றார்.

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட இவர் வாயில் வரவில்லை. நெற்றி விளிம்பில் நகத்தை விட்டு டோப்பாவைப் பிய்த்தார். டேப் விடவில்லை. கொஞ்சம் தோலோடுதான் வந்தது. பிறகு கண்ணாடியையும் கழற்றினார். புருவமும் இமைமுடியும் இல்லாத அந்த முகத்தை அவர் மனைவியைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் அவரையும் அவர் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்போலேருந்து?"

"பதினஞ்சு வருஷமா."

டீச்சர் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப நான் அழுததால கொட்டலையா?"

"இல்ல டீச்சர். மருந்துதான். எல்லாருக்கும் மருந்துதான். நான் சொன்னது பொய்."

"எதுக்குண்ணே?"

"நீங்க என்னைப் பெரிய ஆளா பாத்தீங்க" என்றார். "எனக்கு அது நல்லா இருந்துச்சு." இதைவிடக் கேவலமான ஒரு காரணத்தை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனால் உண்மை அதுதான்.

வாசலில் கணவர் நிழலாக நின்றார்.

"பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்" என்றார் டீச்சர். "இவருக்குக் கேக்கக் கூடாதுன்னு இல்ல. முடிக்குத் தெரியக் கூடாதுன்னு."

அவர் கையிலிருந்த டோப்பாவைச் சுருட்டிக்கொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க."

"ஊசிக்கு வருவீங்களா டீச்சர்?"

"போயிட்டு வாங்கண்ணே."

பெரிதாகத் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தெருவில் கால் வைப்பதற்கு முன்னால், கதவுக்குப் பின்னால் நின்று, ஒட்டாத டேப்பின்மேல் டோப்பாவை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார். காற்றுக்குப் பயந்து நடக்கிற மனிதனைப் பார்த்து ஊர் என்ன நினைத்ததோ.

அடுத்த ஊசிக்குக் கிளம்பும்போது மனைவி வழக்கம்போல டேப்பைக் கத்தரித்து வைத்திருந்தாள். வேண்டாம் என்றார். டோப்பாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கண்ணாடியையும் மாட்டவில்லை. அவள் அவருடைய கண்ணாடிப் பெட்டியையும் பைக்குள் வைத்தாள்.

அறைக்குள் நுழைந்ததுமே சிஸ்டர் பதறிவிட்டார். "ஐயோ சார்! உங்களுக்கும் கொட்டிடுச்சா? மூணே வாரத்துல இப்படியா!"

"அட, தைரிய சாருக்கேவா" என்று லாரி டிரைவர் உச்சுக் கொட்டினார். எல்லா நாற்காலிகளும் இவர் பக்கம் திரும்பின. எல்லா முகத்திலும் இரக்கம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்குத் தலைப்பாகையும் தப்பிவிடும் போலிருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், பதினைந்து வருடப் பொய் அப்படியே ஆற்றோடு போய்விடும். மாப்பிள்ளைக்குக்கூட இனி ஒளிக்க வேண்டியதில்லை. தலை ஆடுவதற்குத் தயாராகவே இருந்தது. அப்போதுதான் பார்த்தார். எதிர் நாற்காலியில் டீச்சர். தலையில் துணி இல்லை. கணவர் பக்கத்தில் இருந்தார். டீச்சர் விடையைத் தானே சொல்லப்போகும் மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"கொட்டல சிஸ்டர்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "கொட்டறதுக்கு இருந்ததே இல்ல."

"சும்மா சொல்லாதீங்க சார்."

பையைத் திறந்து டோப்பாவை வெளியே எடுத்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை.

"யோவ்" என்றார். 'சார்' போய்விட்டது. "உன் பேச்சைக் கேட்டு ரெண்டு மாசமா என் பொண்டாட்டி முன்னால பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கேன்யா. ராத்திரி என்ன வலி தெரியுமா? அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். காது மடல் வரை சுட்டது. வெட்கப்பட்டால் மண்டை முழுக்கச் சிவக்கும் என்பது பதினைந்து வருடத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது.

சிஸ்டர் டீச்சரிடம் போனார். நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை குத்தியபோது டீச்சர் அழத் தொடங்கினார். வாயைப் பொத்தவில்லை. அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, விக்கி விக்கி அழுதார்.

"அழாதீங்க டீச்சர், சாரைப் பா..." என்று பழக்கத்தில் தொடங்கிய சிஸ்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் டீச்சரை அழாதே என்று சொல்லவில்லை. டோப்பா கடைக்காரரின் மடியில் கிடந்தது. டீச்சர் பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அந்த அழுகை முடியும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.