கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிமிடம்

பழுதானது தெர்மோகப்பிளாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது.

கேஸ் கணப்பின் முன்னால் மண்டியிட்டபடி ரொண்டா இதை மனதுக்குள் இரண்டாவது முறையாகச் சொல்லிக்கொண்டாள். இருபது வருடமாக ஊர் ஊராகப் போய் அடுப்பும் கணப்பும் பழுது பார்க்கிறவள். ஒரு விரல் நீளச் செம்புக் கம்பிக்காக எந்த வீட்டிலும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

முதுகுக்குப் பின்னால், ஆறடி தள்ளி, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று கிடந்தது. லெஸ்யா அதில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நேற்றுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் ரொண்டா பூட்ஸைக் கழற்றும்போது லெஸ்யாவின் கணவர் ஒரெஸ்ட் காதோடு சொன்னார்: "இன்னும் மூணு நாள்தான் தாங்குவாங்குறா நர்ஸ். கணப்ப எரிய விடுறேன்னு சத்தியம் பண்ணித்தான் லெஸ்யாவக் கூட்டிட்டு வந்தேன். கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போடாதன்னுட்டா. பனியப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சாம்."

வீட்டில் குளிர் ஒன்றும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் கீழ்த்தளத்து உலை ஓடிக்கொண்டிருந்தது. லெஸ்யா கேட்டது வெப்பத்தை அல்ல, தீயை.

"பொம்பள மெக்கானிக்க நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஒரெஸ்ட், காபிக் கோப்பையை அவள் பக்கத்தில் வைத்தபடி.

"ஆம்பள நீ நேத்துலேர்ந்து மண்டி போட்டு என்னத்தக் கிழிச்ச?" என்றது கட்டில். "ஒரு பெட்டித் தீக்குச்சி காலி. புருவம் பாதி காலி."

ரொண்டா சிரித்தாள். குமிழை அழுத்திப் பொறி தட்டினாள். சின்னச் சுடர் உடனே பற்றியது. விரலை எடுத்ததும் அணைந்தது. மறுபடி. இந்த முறை ஒரு நிமிடம் முழுக்க அழுத்திப் பிடித்தாள். எடுத்தாள். அணைந்தது. சுடர் எரிகிறது என்று வால்வுக்குத் தெரிவிக்க வேண்டிய கம்பிதான் தெர்மோகப்பிள். மின்சாரம் அளக்கும் மீட்டரை அதில் வைத்துப் பார்த்தாள். முள் அசையக்கூட இல்லை. அப்படியானால் கம்பிதான். வண்டியில் புதுக் கம்பி இருந்தது.

மாற்ற இருபது நிமிடம் ஆனது. கண்ணாடியைப் பொருத்திக் கொக்கிகளை மாட்டிவிட்டுச் சுடரை ஏற்றினாள். விரலை எடுத்தாள். சுடர் அணையாமல் நின்றது. சுவிட்சைத் தட்டியதும் விறகுபோல் செய்த பீங்கான் கட்டைகளின் அடியிலிருந்து தீ வரிசையாக எழுந்தது.

"அட கெழவா" என்றாள் லெஸ்யா. "வந்துருச்சு பாரு."

ரொண்டா திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது என்று பிறகு நினைத்தாள். வெளிச்சம் கன்னக் குழிகளை நிரப்பியிருந்தது. நோய்க்கு முன்பு அவள் எப்படி இருந்திருப்பாள் என்பது தெரிந்தது.

தீ மெல்ல நீண்டது. நீலம் போய் மஞ்சளானது. கட்டைகளை விட்டு மேலே எழும்பி, எதையோ தேடுவதுபோல் ஆடியது. பிறகு எல்லாம் ஒன்றாக அணைந்தன, சின்னச் சுடரும்.

பழுது கம்பியில் மட்டும் இல்லை. காற்றும் வரவில்லை.

"வெளிய குழாயப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. மூக்குக்குள் ஈரம் உறைந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் மூடியின் இடுக்கெல்லாம் விரிசல் அடைக்க அடிக்கும் மஞ்சள் நுரை பிதுங்கி, பாத்திரத்தில் பொங்கிய மாவுபோல் இறுகியிருந்தது. திருப்புளியால் குத்தினாள். உள்ளே எவ்வளவு தூரம் போனாலும் நுரைதான். வெளிக்காற்று உள்ளே வரும் குழாய், அதற்குள் புகை வெளியே போகும் குழாய், இரண்டும் கல்லாகியிருந்தன. கண்ணாடிக்குள் அடைபட்டிருந்த காற்று தீரும்வரைதான் தீ எரிந்திருக்கிறது.

வீட்டுச் செருப்போடு ஒரெஸ்ட் பனியில் வந்து நின்றார். "நல்லா அடைச்சிருக்கேன்ல? தரையெல்லாம் சில்லுனு காத்து வருதுன்னு சொல்லிட்டே இருந்தா. அக்டோபர்ல மூணு டப்பா அடிச்சேன். மறு வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, அதுக்கப்புறம் இத யாரு பத்தவச்சா?"

ரொண்டா திருப்புளியை நுரையிலிருந்து உருவினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு குழாயை. "இது வழியாவா?"

"இது வழியாத்தான் அது மூச்சு விடுது."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் நுரையைச் சுரண்டத் தொடங்கினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "குழாயவே மாத்தணும். எட்மன்டன்ல இருந்து வரணும். வியாழக்கிழம."

"வியாழன்" என்றார் அவர். இன்று சனி.

உள்ளே வந்து மறுபடி மண்டியிட்டாள். அவரும் பக்கத்தில் மண்டியிட்டு, குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடியக் கழட்டிட்டா ரூம் காத்து கெடைக்கும்ல? எரியும்ல?"

"எரியும். புகையும் ரூமுக்குள்ளதான் வரும். அதுல உள்ள விஷ வாயு வாசமே தெரியாது, ஆள முடிச்சுரும்."

"ஜன்னலத் தெறந்து வைக்கிறேன்."

"இந்தக் குளிர்லயா?"

"வாயு அலாரம் கத்துனா பேட்டரிய உருவிடுறேன்."

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?" என்றாள் லெஸ்யா.

"குழாய்ல பனி அடைச்சிருக்கும்மா" என்றாள் ரொண்டா. சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. யாருக்காகச் சொன்னோம்? அந்தக் கிழவருக்காகவா, அல்லது உண்மை இந்த அறையில் இறங்கும்போது தான் இங்கே இருக்கக் கூடாது என்பதற்காகவா?

"பனின்னா தட்டிவிட வேண்டியதுதானே?"

"பனி இல்ல" என்றார் ஒரெஸ்ட். "நான் அடைச்சது. நுரைய வச்சு."

கட்டிலில் தலை அவர் பக்கம் திரும்பியது. பிறகு, "குளிருதுன்னு நான்தான நச்சரிச்சேன்" என்றாள் லெஸ்யா. அதில் கோபம் இல்லாதது ரொண்டாவுக்கு இன்னும் கனமாக இருந்தது. "சரி விடு. ஏம்மா, முன்ன ஒரு நிமிஷம் எரிஞ்சுதே. அத இன்னொரு தடவ காட்டு. அது போதும்."

ஒரு நிமிடம். கையைக் குமிழிலேயே வைத்துக்கொண்டு, தீ நிறம் மாறும் முன்பே அணைத்துவிடலாம். யாருக்கும் எதுவும் ஆகாது. வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது இந்த ஒன்றையாவது செய்தேன் என்று இருக்கும். ரொண்டாவின் கை தானாகக் குமிழுக்குப் போனது.

அப்போதுதான் ஒரெஸ்டைக் கவனித்தாள். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. கட்டைகளையும் பார்க்கவில்லை. ரொண்டாவின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் எந்தப் பக்கம் திரும்புகிறது, கொக்கி எங்கே இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பவர்போல் உதடுகள் அசைந்தன. அவள் போனதும் கண்ணாடியைக் கழற்றி அவரே ஏற்றிவிடுவார்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வெளியே கேஸ் மீட்டரின் பக்கத்திலேயே இந்தக் கணப்புக்கு வரும் கேஸ் குழாயைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போக வேண்டும். பையிலிருந்து, பற்றவைக்கக் கூடாது என்று அச்சிட்ட சிவப்பு அட்டையை எடுத்து, அதன் நூலைக் குமிழில் சுற்றி முடிச்சிட்டாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"ஒரே ஒரு தடவ, கண்ணு" என்றாள் லெஸ்யா.

"இல்லம்மா" என்றாள் ரொண்டா.