எட்டில் மூன்றும் பன்னிரண்டில் ஐந்தும்

என் நாத்தனார் அபாகஸ் வகுப்பு நடத்துகிறாள். நடத்தட்டும், யார் வேண்டாம் என்றது? ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அந்த மணிச்சட்டத்தை என் மடியில் வைத்து, "அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டு, பாப்போம்" என்றாள். பின்னத்தின் மேல் எண் இடப்பக்கக் கம்பிகளில், கீழ் எண் வலப்பக்கக் கம்பிகளில் என்று மட்டும் சொன்னாள். மணியைக் கையில் கொடுத்தால் தள்ளத்தானே தோன்றும்? மேலோடு மேலையும் கீழோடு கீழையும் தள்ளிவிட்டு, "அஞ்சுல ரெண்டு" என்றேன்.

அவர்கள் சிரித்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அன்றிலிருந்து அதுவே என் பெயராகிவிட்டது. "அஞ்சுல ரெண்டு டீ போட்டுட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் வீட்டுக்குள் வருவாள். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார்.

ஒரு மாலை, வீட்டுப்பாடத்தில் முழித்துக்கொண்டிருந்த மகளின் அருகே போய் உட்கார்ந்தேன். நோட்டை மூடிவிட்டாள். "உனக்குத் தெரியாதும்மா. அத்தைகிட்ட கேட்டுக்கறேன்." கேலி செய்திருந்தால் அதட்டியிருப்பேன். பாவம் பார்த்தாள். இவள் கண்ணில் நான் மறுபடி ஆளாக வேண்டும், அதுவும் அத்தையைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஆக வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

என் பொத்தான் கடையில் மதியம் ஈ ஓட்டும் நேரம். ஒரு மணிச்சட்டம் வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன். கீழ் எண்கள் இரண்டையும் பெருக்கி வலப்பக்கம். ஒவ்வொன்றின் மேல் எண்ணையும் மற்றதன் கீழ் எண்ணால் பெருக்கி, இரண்டையும் கூட்டி இடப்பக்கம். கடைசியில் இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் வகுத்துச் சுருக்க வேண்டும். விரல் தப்பும்போதெல்லாம் நாத்தனாரை மனசாரத் திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். திட்டத் திட்டக் கணக்கு நன்றாக வந்தது.

அபாகஸ் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவரப் போகும்போது ஜன்னல் வழியே நாத்தனாரையும் படித்தேன். அவள் எப்போதும் இடப்பக்கத்தைத்தான் முதலில் சுருக்குவாள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவாள். பிள்ளைகள் இதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வகுப்பின் ஆண்டு விழாவில் நாத்தனார் மேடையில் நின்று, "பெத்தவங்க யார் வேணும்னாலும் கணக்குக் குடுக்கலாம்" என்றாள். நான் எழுந்தேன்.

"எட்டுல மூணு, பன்னெண்டுல அஞ்சு. கூட்டுங்க அண்ணி."

விரல்கள் பறந்தன. இடப்பக்கம் எழுபத்தாறு, வலப்பக்கம் தொண்ணூற்றாறு. நான்கால் வகுத்தாள். இடப்பக்கம் பத்தொன்பது ஆனது.

"அண்ணி, மைக் கேக்கல" என்றேன்.

மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பல் தெரியச் சிரித்து, "தொண்ணூத்தாறுல பத்தொம்போது" என்று அறிவித்தாள்.

"அது கால் பாகம்கூட இல்லையே அண்ணி. எட்டுல மூணே அதைவிடப் பெருசாச்சே." கைப்பையிலிருந்து என் சட்டத்தை எடுத்து எல்லாரும் பார்க்கப் போட்டுக் காட்டினேன். இருபத்துநான்கில் பத்தொன்பது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு அரங்கமே சிரித்தது. அவள் முகம் வெளுத்ததை நிதானமாகப் பார்த்தேன். தித்தித்தது.

மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பாராட்டுவாள் என்று குனிந்தேன்.

"அத்தை எங்க விடுவாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல? வேணும்னேதானே பேச்சுக் குடுத்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் மேடையேறி, அத்தையின் சட்டத்திலிருந்த மணிகளையெல்லாம் கலைத்துவிட்டு, அத்தையின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.