வடிகால் மேல் ஒரு களம்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வளர்ச்சிக் குழு முளைத்தது. ரைஸ்மில் நாகநாதன் தலைவர். உரக்கடைக்காரர், மரவாடிக்காரர், பஸ் முதலாளி எல்லாம் உறுப்பினர்கள். ஊரை முன்னேற்ற முதல் வேலையாக, நெல் காயவைக்கச் சிமெண்டுக் களம் என்று முடிவானது. எங்கே கட்டுவது என்பதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பதற்கு மூன்று கூட்டம்.

சித்திரையில் இடம் பார்க்க வந்தார்கள். நெல்லை மூட்டையில் மட்டுமே பார்த்த கண்ணுக்கு, காய்ந்து கிடக்கும் வாய்க்கால் எப்படித் தெரியும்? ஆடு மேய்ந்துகொண்டிருந்த பள்ளத்தைப் புறம்போக்கு என்றார்கள்.

கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்துவந்த செவ்வந்தி அந்தப் பள்ளத்துக்கு ஓடி வந்தாள். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்து அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த ஒரு ஏக்கர் அதற்கு மேல்புறம்தான் இருந்தது. பரம்பரையே அடுத்தவன் வயலில் நட்டுச் சாக, அவள் தனக்கென்று நடப்போகும் முதல் சம்பா அது.

"ஐயா, இது வடிவாய்க்காலுங்க. ஐப்பசியில நாப்பது ஏக்கர் தண்ணி இது வழியாத்தான் ஆத்துக்குப் போவுது."

"நேத்து பட்டா வாங்குனவ நீ. எனக்கு ஊர் மேப்பு சொல்றியா?" என்றார் நாகநாதன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் பேசினால் சிரித்துவைப்பதும் உறுப்பினர் கடமைதானே.

களம் எழும்பியது. மாலை, மைக், மந்திரியின் வாழ்த்துத் தந்தி, ஒன்றுக்கும் குறைவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. நட்டு இருபது நாளான பயிர் மூழ்கி நுனி மட்டும் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். செவ்வந்தி நாகநாதனிடம் ஓடினாள். தண்ணீர் அவர் மில் வாசலுக்கே வந்திருந்தது.

"கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கணும். நாளைக்கு அவசரக் கூட்டம் போட்டிருக்கோம்" என்றார் மனுஷன், வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. கடப்பாரையோடு போனாள். தெருவே பின்னால் வந்தது. உச்சிப்பொழுதுக்குள் களத்தை நடுவே பிளந்தார்கள். தண்ணீர் ஆற்றைப் பார்த்து ஓடியது. மறுநாள் பயிர் தலை தூக்கியது. மில்லும் தப்பியது.

ஒரு வாரத்தில் ஊரெங்கும் நோட்டீஸ் வந்தது: 'தக்க தருணத்தில் வடிகாலைத் திறந்து ஊரைக் காத்த வளர்ச்சிக் குழுவினருக்குப் பாராட்டு விழா.' அதே கையோடு, களத்தை உடைத்ததாகச் செவ்வந்தி மேல் போலீசில் புகாரும் கொடுத்திருந்தார்கள்.

"களத்த ஒடச்சது யாரு?" என்று உறுமினார் இன்ஸ்பெக்டர்.

செவ்வந்தி மடியிலிருந்து நோட்டீஸை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"நாங்கதான்னு அவங்களே அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்திருக்காங்க. படிச்சுப் பாருங்க."